அலகில்லாத சீவுளி

புத்தி என்ற சாமான் எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்ததா என்பதிலேயே அக்காவுக்கு இன்றும் சந்தேகம். தச்சர் பலகை இழைக்கிற சீவுளி ஒன்றை அலகு இல்லாமல் கொண்டுவந்து, ஒரு பின்னேரம் முழுவதும் பலகையில் தேய்த்துவிட்டு, பலகை ஏன் மெலியவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தவன் நான்.

அதை வாங்கினேன் என்று சொல்வதும் பெருமைக்குத்தான். மாற்றினேன். என்னிடம் ஒரு சைக்கிள் மணி இருந்தது, சைக்கிள் இருக்கவில்லை. மானிப்பாய்ச் சந்தைக்கு வெளியே சாக்கு விரித்துப் பழைய சாமான் விற்றவரிடம் சீவுளிக் கட்டை இருந்தது. அதற்குள் இருக்கவேண்டிய இரும்பு அலகு இருக்கவில்லை. ஆளையாள் ஏமாற்றிவிட்ட திருப்தியோடு பிரிந்தோம்.

கரண்டும் சவர்க்காரமும் காணாமல் போயிருந்த காலம். வடக்கே கடற்கரைப் பக்கத்துச் சனம் சண்டைக்குத் தப்பி ஊரைவிட்டு எழும்பி வந்து எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்தது. சந்தை வாசலில் சாக்குகள் பெருகின. பிடி இல்லாத உளி, பல் விழுந்த வாள், தலை கழன்ற சுத்தியல் என்று என்னென்னவோ வந்தன. எங்கிருந்து வந்தன என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் அந்த வியாபாரத்தின் மரியாதை.

எனக்கு வேண்டியிருந்தது கிரிக்கெட் மட்டை. தென்னை மட்டையோடு வருகிறவனை எங்கள் ஒழுங்கையில் விளையாடிய பெடியள் பந்து பொறுக்க மட்டுமே சேர்த்தார்கள். வீட்டில் பழைய கட்டில் பலகை ஒன்று கிடந்தது. அதைச் சீவி மட்டையாக்கிவிட்டால் நான்தான் கப்டன்.

“உதைத் தலைக்கு வைச்சுப் படு. வேறை ஒண்டுக்கும் உதவாது,” என்றாள் அக்கா.

அப்பா சீவுளியைத் திருப்பிப் பார்த்தார். “வாய் மட்டும்தானடா வாங்கியிருக்கிறாய். பல்லு எங்கை?”

ஆகவே பல்லுத் தேடிப் புறப்பட்டேன். சாக்குச் சாக்காகக் குந்தியிருந்து கிண்டியதில் விற்பவர்கள் என்னைக் கண்டதுமே கலைக்கத் தொடங்கியிருந்தார்கள். அப்படி ஒரு நாள், சந்தை மதிலோரம் ஒருவர் துவாயை விரித்து, அதன்மேல் ஒரேயொரு சாமானை வைத்துக்கொண்டிருந்தார். கூவவில்லை. யாரும் வாங்கிவிடுவார்களோ என்று பயந்தவர்போல இருந்தார்.

“அண்ணை, உது சீவுளி அலகோ?”

“ஓம்.”

“மூலை உடைஞ்செல்லோ கிடக்கு.”

“தீட்டினால் சரிவரும். கட்டை வைச்சிருக்கிறீரோ தம்பி?”

விலை குறைப்பதற்காக, என் சாமானையும் நானே பழித்தேன். “கிடக்கு ஒண்டு. அதுவும் பழுதுதான். முன்பக்கத்திலை ஒரு பள்ளம். என்ரை பெருவிரல் அப்பிடியே உள்ளை தாண்டு போகும்.”

அவர் துவாயை மடித்தார். “வீடு எங்கை?”

வீட்டு முற்றத்தில் கட்டையைக் கையில் வாங்கியவர், ஒரு விறகுத் துண்டில் ஆப்புச் செதுக்கி, அலகை உள்ளே விட்டுத் தட்டினார். வீட்டுக்காரன் தன் வீட்டுக்குள் போகிறமாதிரி அலகு போய் இருந்தது. அவருடைய பெருவிரல் அந்தப் பள்ளத்தில் கிடந்தது. கொஞ்சம்கூட இடைவெளி இல்லை.

அப்பா பேப்பரை மடித்தார். “ஊர் எந்தப் பக்கம்?”

“காங்கேசன்துறைப் பக்கம், ஐயா. வெளிக்கிடேக்கை அலகுகளை மட்டும் கழட்டி, உடுத்திருந்த சாரத்திலை முடிஞ்சுகொண்டு வந்தனான். கட்டையை எங்கையும் செய்யலாம் எண்டு நினைச்சன்.”

“பிறகேன் செய்யேல்லை?”

“கட்டை செய்யிறதுக்கும் வாள், உளி எண்டு ஆயுதம் வேணுமே ஐயா.” அவர் சிரித்தார். “மற்ற அலகெல்லாம் வித்துச் சாப்பிட்டாச்சு. உதுதான் கடைசி. உதுவும் போனால் ஆரின்ரையும் தோட்டத்திலை கூலிக்குத்தான்.”

“அப்ப உதை விக்காதேங்கோ. கட்டையையும் கொண்டு போங்கோ,” என்றார் அப்பா.

நான் குழறினேன். “அது என்ரை! என்ரை மணியைக் குடுத்து வாங்கினது!”

“சைக்கிள் இல்லாத மணிக்கு உந்தச் சத்தமோ?” என்றாள் அக்கா.

அவர் சீவுளியை நிலத்தில் வைத்தார். “பெடியன்ரை சாமான் எனக்கு வேண்டாம், ஐயா.” சொல்லிவிட்டு ஆப்பைத் தட்டிக் கழற்றத் தொடங்கினார். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைவிட ஏசியிருக்கலாம்.

எனக்கு இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். வந்தது கணக்கு. இங்கே பலகை, அங்கே சீவுளி, நடுவில் ஒரு தச்சன். சீவுகிற வேலை என் கைக்கு ஒத்துவராது என்பது அந்தப் பின்னேரமே தெரிந்துவிட்டிருந்தது.

“மட்டை செய்து தந்தால் கொண்டு போகலாம்,” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கழன்ற ஆப்பை மறுபடி வைத்து அடித்தார். அலகை எங்கள் கிணற்றடிக் கல்லில் தீட்டிக்கொண்டு வந்து வேலையைத் தொடங்கினார். சீவல்கள் சுருண்டு சுருண்டு முற்றமெல்லாம் பறந்தன. அக்காகூட ஒன்றைப் பொறுக்கிக் காதில் மாட்டிப் பார்த்தாள். பொழுதுபடுவதற்குள் மட்டை என் கையில் இருந்தது. தோளில் வைத்துக்கொண்டு நடந்து பார்த்தேன். கப்டனுக்குரிய நடை உடனே வந்துவிட்டது.

அவர் சீவுளியைத் துவாயில் சுற்றிக்கொண்டு வாசல் படலைவரை போனார். வழியனுப்பப் போன நான், கப்டன் என்ற முறையில் ஒரு புத்தியும் சொல்லி அனுப்பினேன்.

“இனியாவது கவனமா வைச்சிருங்கோ அண்ணை. நான் எண்டால் என்ரை சாமானை விட்டிட்டு ஓடமாட்டன். உதொரு சின்னக் கட்டைதானே, தூக்க ஏலாமல் போச்சுதோ?”

அவர் சொன்ன பதில் அன்றைக்கு எனக்கு தப்பிக்கச் சொன்ன வெறும் சாட்டாகத்தான் பட்டது.

“கையிலை பிள்ளை இருந்தது, தம்பி.”