மூச்சை எண்ணும் விரல்

தெருமுனைத் தையற்கடைக்காரிக்கு அக்கம்பக்கத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு: மலை. எதற்கும் அசையமாட்டாளாம். "அக்கா தலையில இடியே விழுந்தாலும் 'வாங்க, உட்காருங்க'ன்னு சொல்லும்" என்பார் எதிர்க்கடையில் செருப்பு தைப்பவர்.

பிறக்கும்போதே மலையாகப் பிறந்தவள் அல்ல. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் மூன்று வயது மகள் காய்ச்சலில் போனபோது, நான்கு மாதம் கடை திறக்காமல் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். துக்கம் விசாரிக்க வந்த புத்த பிக்குணி ஒருவர்தான் மூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணக் கற்றுத்தந்தார். "நினைப்பு ஓடினா உங்களைத் திட்டிக்காதீங்க. மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிங்க." முதல் வாரம் மூன்றைத் தாண்டவில்லை. ஆனால் மறுபடி தொடங்கலாம் என்ற அந்த ஒரு சலுகைதான் அவளைப் பாயிலிருந்து எழுப்பியது. அன்றிலிருந்து தினமும் காலையில், மிஷினில் உட்காரும் முன் அரை மணி நேரம், கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவாள்.

இப்போது கணவருக்கு ஈரலில் புற்று. டாக்டர் கையை விரித்துவிட்டார். அவர் உடம்பு இளைக்க இளைக்க, அவருடைய சட்டைகளை மூன்றாம் முறையாகப் பிடித்துத் தைத்துவிட்டாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. தான் உடைந்தால் அவரும் உடைந்துபோவார் என்று நம்பினாள். அவர் நோயைப் பற்றிப் பேச்செடுத்தாலே கட்டைவிரல் கணுவுக்குப் போய்விடும்.

ஒரு மத்தியானம் கட்டிலில் சாய்ந்தபடி பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"எத்தனையாவது?"

"என்னதுங்க?"

"மூச்சு. விரல் ஓடுதே."

"ஏழு."

"சரி, நான் என்ன சொன்னேன், சொல்லு."

அவளுக்குத் தெரியவில்லை.

"நிஜமாவே மலைகிட்ட பேசுற மாதிரிதான் இருக்கு. எதிரொலிகூட வரல." சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது.

"நான் தைரியமா இருந்தாத்தானே உங்களுக்கு…"

"எனக்குத் தைரியம் வேணாம்மா. பயமா இருக்கு. அதைத்தான் சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன்."

விரல் நின்றது. மனதில் வருவதை வரவிட்டுப் பார்க்கத்தான் பிக்குணி சொல்லிக்கொடுத்திருந்தார். அவளோ அந்த எண்ணிக்கையை வைத்து மனதின் கதவைச் சாத்தப் பழகியிருந்தாள்.

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு" என்றாள். அவ்வளவுதான், உடைந்துபோனாள். மகளுக்காக அழாமல் வைத்திருந்ததும் சேர்ந்து வந்தது.

"அப்பாடா" என்று அவள் தலையில் கைவைத்தார் அவர். "இந்த வீட்டுல நான் ஒருத்தன்தான் கோழைன்னு நெனச்சேன்."

அதன்பின் பத்தொன்பது நாள் உயிரோடு இருந்தார். பன்னிரண்டு வருடமாக வாய் திறந்து பேசாததையெல்லாம் பேசினார்கள். மகள் எந்தக் காலில் முதலில் செருப்பு மாட்டுவாள் என்பதில் ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை.

அவர் போன மூன்றாம் வாரம் கடையைத் திறந்தாள். ரவிக்கைக்கு அளவு எடுக்கும்போதே கண்ணீர் வழிந்தது. வந்த பெண் பதறிப்போனாள்.

"அப்புறமா வரட்டுமாக்கா?"

"வேணாம்மா, கையைத் தூக்கு. அழுகை அதுபாட்டுக்கு வரும். அளவு தப்பாது."