காய விட்ட கரும்பு

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி, திருச்செங்கோட்டுக்கும் பள்ளிபாளையத்துக்கும் நடுவே உள்ள எங்கள் தோட்டத்தில் நடந்தது இது. தோட்டம் என்று இப்போது சொல்கிறேன். நான் கை வைத்தபோது அது வெறும் பாறை. அதில் கிணறு வெட்டினவன் நான். தண்ணீர் வராது என்று சிரித்தவர்களே பிறகு குடத்தோடு வந்து என் கிணற்றில் மொண்டார்கள். குடிசை இருந்த இடத்தில் ஓட்டு வீடு கட்டினேன். கல் பொறுக்கியே நிலத்தைக் கரும்பு விளையும் மண்ணாக்கினேன். ஒருத்தரும் எதுவும் கொடுத்ததில்லை. நான் படித்த படிப்பு மணலில் விரலால் எழுதினதோடு சரி. இதையெல்லாம் ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். ஆனால் நான் செய்ததிலேயே கடினமான காரியத்தை ஒருத்தரும் சொல்வதில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

மாடு பூட்டித் தோல்பறியில் கிணற்றுத் தண்ணீர் இறைப்பதற்கு எங்கள் பக்கம் கவலை என்று பேர். மனசில் வந்து உட்காருகிறதற்கும் அதே பேர்தான். மாடுகள் சரிவில் இறங்கும்போது வடத்தின் மேல் உட்கார்ந்து வருவேன். என் ஆறு வயது மகளும் மடியில் உட்கார்ந்துகொள்வாள். மேலே உருளை கிறீச்சிட, இவள் கீழே கத்திக்கொண்டே வருவாள். இறங்கினதும், "இன்னொருக்கா போலாமுங்கய்யா" என்பாள். அவளுக்கு அலுத்ததே இல்லை.

ஆடியில் ஊருக்குள் வாந்திபேதி வந்தது. ஒரே பகலில் எங்கள் பிள்ளையைக் கொண்டு போய்விட்டது.

என் மனைவி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். ஆட்டுக்கல் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள் பேச்சை நிறுத்திவிட்டாள். ஒன்பது வயதுப் பையன் ஒருத்தன் வீட்டில் இருக்கிறான் என்பதே அவளுக்கு மறந்துபோன மாதிரி இருந்தது. அவன் பாயை நனைத்தான். சட்டியை உடைத்தான். ஒரு நாள் என்னிடம் வந்து, "நான் என்ன பண்ணாலும் அம்மா வையவே மாட்டேங்குதுங்கய்யா" என்றான். போய் விளையாடு என்று விரட்டினேன்.

எனக்குத் தெரிந்த வழியில் முயன்றேன். சேலத்திலிருந்து சேலை வாங்கி வந்தேன். மடித்தது மடித்தபடி கிடந்தது. எதையாவது கட்டினால் துக்கம் போகும் என்று மாட்டுக்கு ஒரு கொட்டகை கட்டினேன். பேயோட்டும் கோடாங்கி வந்து உடுக்கை அடித்து, வேப்பங்குழையால் அவளை அடித்தான். மழையில் நனைகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"பொண்ணு போனா இன்னொண்ணு பொறக்குது. இவளுக்கு மட்டும் என்ன அதிசயம்?" என்றாள் என் அக்கா, அவள் காது கேட்கவே.

தை மாதம் கரும்பு நட்டேன். பங்குனி வெயிலில் ஒரு நாள் சோறு தின்று எழுந்தபோது, மனைவி வாய் திறந்தாள்.

"கவலை..." என்றாள்.

அத்தனை மாதம் கழித்து வந்த முதல் சொல். எனக்குத் தலைகால் புரியவில்லை. கரும்புக்குத் தண்ணீர் விடவில்லையே என்று கேட்கிறாள், பிழைப்பு நினைப்பு வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். "இதோ ஓட்டறேன் புள்ள" என்று ஓடினேன். அவளுக்குக் கேட்கட்டும் என்று மாட்டை வழக்கத்தைவிட உரக்க அதட்டிப் பொழுது சாயும் வரை ஓட்டினேன்.

நடுவில் தீக்குச்சி எடுக்க வீட்டுக்குள் போனேன். அவள் சுவரில் தலையை முட்டுக் கொடுத்திருந்தாள். பையன் பின்னால் நின்று, இரண்டு கையாலும் அவள் காதைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்றே?"

"சத்தம் கேட்டா பாப்பா வடத்துல வாராப்பல இருக்குதுங்க. அம்மாளுக்குப் பொத்திப் பொத்திக் கை வலிச்சுப் போயிருது. அதான் நீங்க ஓட்டறப்பெல்லாம் நான் பொத்திவிடறேனுங்க."

"உனக்குக் கேக்கலையா?"

"எனக்கும் கேக்குமுங்க."

பாறையை உடைத்தவன் நான். கவலையை நிறுத்து என்றுதான் அவள் சொல்ல வந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திரும்பிப் போய் மாட்டை அவிழ்த்தேன். மறுநாளும் பூட்டவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. சும்மா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பையனைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டேன்.  

"கரும்பு காயுது. நீ பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்கிறே. ஊரே சிரிக்குது சாமி" என்று அக்கா வாசலில் நின்று கத்தினாள்.

"சிரிக்கட்டும்" என்றேன்.

அப்படிச் சொன்னேனே தவிர, கண் தோட்டத்துப் பக்கமே போனது. கிணற்றில் தண்ணீர் கிடக்க, நான் நட்ட கரும்பு முதலில் மஞ்சளாகி, பிறகு வெளுத்தது. காற்றடித்தால் சருகு உரசும் சத்தம் வீட்டுக்குள் வரும். பல நாள் ஒன்றுமே நடக்கவில்லை. தோட்டமும் போனது, இவளும் போனாள் என்றே நினைத்தேன்.

ஒரு காலையில் பையன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "அம்மா வைஞ்சிருச்சுங்கய்யா. பாயை வெயில்ல போடலைன்னு வைஞ்சிருச்சு." சொல்லிவிட்டு என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான்.

அவள் தேறிவிட்டாள் என்று நான் எழுத மாட்டேன். சமைத்தாள், பையனுக்குத் தலை சீவிவிட்டாள். ஆனால் சாகும்வரை அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. மகள் பேரையும் சொல்லவில்லை. சோற்றுக்காக மறுபடி கவலை ஓட்டத்தான் வேண்டியிருந்தது. உருளைக்கு விளக்கெண்ணெய் ஊற்றி, அதட்டாமல் ஊமை மாதிரி ஓட்டினேன். அந்தப் பையனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. எங்காவது சக்கரம் கிறீச்சிட்டால் இன்றைக்கும் அவன் கை இரண்டும் தானாக மேலே எழும்பும்.

அவள் எழுந்து நடமாடியது தன் நேர்த்திக்கடனால் என்றாள் அக்கா. தன் உடுக்கையால் என்றான் கோடாங்கி. ஊரும் அவர்கள் இருவரையுமே நம்பியது. பையன் காதைப் பொத்தினான். பாதிப் பெருமை அவனுக்கு, ஒத்துக்கொள்கிறேன். மீதி எனக்கு வர வேண்டும். கிணறு வெட்டினான், வீடு கட்டினான் என்று என்னைச் சொல்கிறவர்கள், கிணறு நிறையத் தண்ணீர் இருக்கக் கண்ணெதிரே கரும்பைக் காய விட்டவனும் இவன்தான் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.