ஃப்ளோரிடா போகாதவர்கள்

வசந்த விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அமெரிக்காவின் ஒஹாயோவிலுள்ள எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் நாங்கள் வகுப்பில் சினிமாப் படம் போட்டுவிட்டுக் கொட்டாவி விடுவோம். இலக்கிய ஆசிரியை லோர்னா ப்ரூயிட் மட்டும் பாடம் நடத்துவார். அந்த வருடம் வசதியான வீட்டுப் பிள்ளைகள் முந்தின நாளே ஃப்ளோரிடா கடற்கரைக்குப் பறந்துவிட்டார்கள். மிச்சமிருந்த எட்டுப் பேருக்கு பாடத்திலிருந்த நாடகத்தின் கடைசிக் காட்சியைத் தொண்டை கட்டும்வரை நடத்தினார். மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை.

விடுமுறை முடிந்ததும் தலைமையாசிரியர் வகுப்புக்கே வந்துவிட்டார். "ஃப்ளோரிடா போன பிள்ளைங்களோட பெத்தவங்க போன் மேல போன் போடுறாங்க. அந்தக் காட்சிய மறுபடி நடத்துங்க."

அந்த எட்டுப் பேரில் ஒருத்தி, விடுமுறை முழுக்கப் பர்கர் கடையில் வேலை பார்த்த டெசிரே கேட்டாள்: "அப்போ அன்னைக்கு நடந்தது கிளாஸ் இல்லையா மிஸ்?"

கடற்கரை வெயிலில் சிவந்து திரும்பிய முகங்களுக்காகப் புத்தகத்தை மறுபடியும் திறந்த லோர்னா சொன்னார்: "உங்க வீட்டுலேருந்து யாரும் போன் பண்ணலையேம்மா."