செம்பு நெத்தி மீனும் பச்சைத்தண்ணியும்

அப்பாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை வலை மாற்றியது. 1999 பெப்ரவரி 21, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த பிறகு. மீன் வளர்க்கும் சின்னத் தொட்டியை மூடிய பழைய வலையில் பூனை நுழையுமளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அவர் ஒரு பக்கம், நான் மறுபக்கம்.

"இழு பிள்ளை."

"இழுத்துக்கொண்டுதானே நிக்கிறன்."

"உது இழுவையே? லபொறற்றோரியோவிலை உனக்குச் சாப்பாடு போடுறேல்லையோ?"

அரை மணி நேரத்தில் கட்டி முடித்தோம். புதன்கிழமை காலை பேருந்துத் தரிப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. வயது ஐம்பத்தாறு.

பெயர் கொன்ஸ்ரன்ரைன். மன்னாரில் லொறி ஓட்டியவர். ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை ஏற்றி இறக்கியதோடு சரி, உயிர்மீனைப் பார்த்துப் பழகியது இத்தாலியின் பலேர்மோவில்தான். 1988இல் தனியாக வந்தார். இரண்டு வருடம் கழித்து அம்மாவையும் என்னையும் கூப்பிட்டார். அதற்குள் மொண்டெல்லோவுக்கும் ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கும் இடையில், எலுமிச்சைத் தோட்டத்தோடு கூடிய ஒரு வீட்டில் காவல் வேலை எடுத்திருந்தார். படலைக்குப் பக்கத்திலிருந்த இரண்டறை வீடு எங்களுக்கு.

தோட்டத்தின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஷோர்தினோ. அப்பா அவரை ப்ரொபெசோரே என்றுதான் கூப்பிடுவார். அவருடைய தோட்டத்தில் எலுமிச்சைக்கு நீர் தேக்கிவைக்கும் கல்தொட்டிகள் இரண்டு இருந்தன. இங்கே அவற்றை ஜெப்பியா என்பார்கள். அவற்றில் அவர் மீன் வளர்த்தார். அமெரிக்காவின் நன்னீர்களில் வாழும் புளூகில் என்ற மீன். அதிலும் புளோரிடாப் பக்கத்து வகை. வளர்ந்த ஆண் மீனின் நெற்றியில் செம்பு நிறத்தில் ஒரு பட்டை இருக்கும். நண்பர் ஒருவர் மூலம் எடுப்பித்தவை. அப்பா அதற்குச் செம்பு நெத்தி என்று பெயர் வைத்தார்.

பெரிய தொட்டியில் இவற்றோடு பெர்சிகோ சோலே என்ற இன்னொரு மீனும் கலந்துவிட்டிருந்தது. அது இங்குள்ள குளங்களில் பரவியிருக்கும் ஒன்றுவிட்ட சகோதரம். இரண்டும் கூடினால் பிறக்கும் குஞ்சுகளில் செம்புப் பட்டை மங்கிப்போகும். செவுள் மடலின் நுனியில் சிவப்புப் புள்ளி இருந்தால் கலப்பு, முழுக்கக் கறுப்பு என்றால் சுத்தம். சுத்தமானவற்றைத் தெரிந்தெடுத்துச் சின்னத் தொட்டியில் விடுவதுதான் அப்பாவின் வேலை. காவல்காரரின் கடமையில் அது சேராது. ஆனால் அவர் குந்தியிருந்து மீனை ஈரக் கையில் எடுத்து, மடலைப் பெருவிரலால் விரித்துப் பார்த்து, "நீ வா, நீ போ" என்று தெரிந்தெடுப்பார். ஐந்து வருடத்தில் சின்னத் தொட்டியில் முப்பத்தெட்டுப் பெரிய மீன்கள் சேர்ந்தன. 1993 யூனில் ஆண் மீன்கள் சரளையில் வட்டவட்டமாகக் குழி பறித்தன. முட்டை பொரித்துக் குஞ்சும் வந்தது. ப்ரொபெசோரே அப்பாவின் தோளில் கைபோட்டு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

அந்த யூலையில் அவர் நேப்பிள்சில் மகள் வீட்டில் இருந்தார். ஒரு பின்னேரம் தொலைபேசி எடுத்தார். அப்பா தோட்டத்தில். எனக்குப் பதினாறு வயது, ரீவி பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது இதுதான்: சின்னத் தொட்டியின் தண்ணீர் வெயிலில் கெட்டுப்போயிருக்கும். முக்கால்வாசியை வெளியே விட்டு, ஆக்குவா வேர்தே நிரப்பச் சொல்லு. ஆக்குவா வேர்தே என்றால் பச்சை நிறத் தண்ணீர். பெரிய தொட்டியில் பாசி படிந்து நிற்பது. குஞ்சுகளுக்குத் தீன் அதற்குள்தான் இருக்கிறது.

நான் யன்னலால் கத்தினேன். "அப்பா, சின்னத் தொட்டியை இறைச்சுப்போட்டுப் பச்சைத்தண்ணி விடட்டாம்!"

"பச்சைத்தண்ணியோ? வடிவாக் கேட்டனியோ?"

"ஓம் அப்பா. பச்சைத்தண்ணி எண்டுதான் சொன்னவர்."

"குழாய்த் தண்ணி மருந்து மணக்குமே, பிள்ளை."

அவர் ஏன் குழாயைப்பற்றிக் கதைக்கிறார் என்று நான் யோசிக்கவில்லை. "எனக்கென்ன தெரியும்? அவர் சொன்னதைச் சொன்னன்" என்றேன்.

"படிச்ச மனுசன். ஏதும் நினைச்சுத்தான் சொல்லியிருப்பார்."

அந்தக் கோடையில் எங்களுக்குக் குழாய்த் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறைதான் வந்தது. கூரைத் தாங்கியில் இரண்டாயிரம் லீற்றர் இருந்தது. நாங்கள் குளிக்கவும் சமைக்கவும் வைத்திருந்தது. அதை முழுவதும் குழாய் போட்டு இறக்கி அவர் மீன்களுக்கு விட்டார். அம்மா ஏசினார். "மீன் குளிக்கட்டும், நாங்கள் மணக்கிறம்" என்றார். அப்பா சிரித்தார்.

காலையில் எல்லாம் மிதந்தன. முப்பத்தெட்டும் குஞ்சுகளும். குளோரின் செவுளை எரித்துவிடும். இன்று அதை அளப்பதுதான் என் தொழில். அன்று எனக்கு அது தெரியாது. அப்பா தொட்டி விளிம்பில் இருந்தார்.

"பிள்ளை, அவர் இத்தாலியனிலை என்ன சொன்னவர்?"

"ஆக்குவா வேர்தே."

அவர் மிதந்த மீன் ஒன்றைக் கையில் எடுத்தார். பிறகு சொன்னார். "பச்சைத்தண்ணி எண்டா காய்ச்சாத வெறுந்தண்ணியடி. குடிக்கிற தண்ணி."

"பச்சை எண்டா வேர்தே இல்லையோ?"

"அதுவும் சரிதான்" என்றார். "அவர் வந்தா நீ ஒண்டும் கதையாதை. உன்ரை பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் கடிதம் தரவேணும்."

ப்ரொபெசோரே இரண்டு நாளில் வந்தார். செத்தவற்றில் ஒன்றை அப்பா ஐஸில் வைத்திருந்தார். ப்ரொபெசோரே அதன் நெற்றிப் பட்டையைத் தடவிப் பார்த்தார். சத்தம் போடவில்லை. அப்பா, தான் பிழையாக விளங்கிக்கொண்டதாக இத்தாலியனில் சொன்னார். வேண்டுமென்றே உடைத்து உடைத்துச் சொன்னார். அவர் அதைவிட நன்றாகப் பேசுவார். விசா பதியும் பொலிஸ் கந்தோரான கேசுத்தூராவில் ஊர்ச்சனத்துக்கெல்லாம் அவர்தான் கதைத்துக் கொடுப்பவர்.

ப்ரொபெசோரே என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஸ்ரெல்லா, நான் சொன்னபடிதானே நீ சொன்னாய்?"

"சி" என்றேன். ஆம் என்று பொருள். ஓரெழுத்து. அப்பா தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கதையாதே என்றுதான் அப்பா சொன்னார். பொய் சொல்லச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ப்ரொபெசோரே அப்பாவோடு நேரே கதைப்பதை விட்டார். சொல்ல வேண்டியதைப் பெரிய எழுத்தில் எழுதி என்னிடம் தருவார், நான் வாசித்துச் சொல்வதற்கு. அப்பா பக்கத்தில் நின்று, தனக்கு விளங்கிய எழுத்தையே என் வாயால் கேட்டுத் தலையாட்டுவார். எனக்குக் கடிதம் கிடைத்தது. தொழில்நுட்பப் பள்ளியில் இரசாயனம் படித்தேன். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது.

எங்கள் சனத்திடமும் கதை பரவியது. கோவில் வாசலில் பேரின்பநாயகம் அண்ணர் தொடங்குவார்.

"என்ன குளோரின் கொன்ஸ்ரன், இண்டைக்கு ஆருக்குக் குளிப்பாட்டு?"

"உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன் அண்ணை. கிட்ட வாங்கோ."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். செத்த வீட்டிலும் அதைச் சொன்னார்கள், பாசத்தோடுதான். பாவம், பாஷை பிடிபடாத மனுசன், ஆனால் நல்ல உழைப்பாளி என்றார்கள். நான் கோப்பி கொடுத்துக்கொண்டு நின்றேன். பாஷை பிடிபடாதவள் நான். இதை வாசிக்கிறவர்கள் குளோரின் என்ற அந்தப் பெயரால் இனி என்னைக் கூப்பிடுங்கள்.

அப்பா மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். பெரிய தொட்டியில் தப்பியிருந்த பட்டை மங்கிய மீன்களில் தெரிந்தெடுத்து, சேர்த்து, கழித்து, ஐந்து வருடம். 1997இல் ப்ரொபெசோரே நேப்பிள்சுக்கே போய்விட்டார். தோட்டம் மருமகன் பொறுப்பில். மீனைப்பற்றிக் கேட்க ஆளில்லை. அப்பா விடவில்லை. போன கோடையில் ஒன்பது மீன்களின் நெற்றி செம்பாக வந்தது.

இந்த ஜனவரியில் ப்ரொபெசோரே தொலைபேசி எடுத்தபோது அப்பாதான் எடுத்தார். நான் குசினியிலிருந்து கேட்டேன். மடல், புள்ளி, பட்டையின் அகலம் எல்லாம் இருபது நிமிடம், தடங்கலில்லாமல், பலேர்மோ இத்தாலியனில். ஆறு மீன்களை நேரில் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மார்ச்சிலை நேப்பிள்சுக்குப் போறன். நீயும் வா. மொழிபெயர்க்க ஆள் வேணும்."

"உங்களுக்கு என்னத்துக்கு ஆள்? இப்ப என்ன கதைச்சனீங்கள்?"

"நான் கதைச்சதைக் கேட்டுப்போட்டு, வீட்டிலை உன்ரை மகளிட்டை இத்தாலியன் நல்லாப் படிச்சிட்டாய் எண்டு ப்ரொபெசோரே மெச்சினவர். அப்பிடியே இருக்கட்டும். ஏன் குழப்புவான்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நடந்த உண்மையை நானே அவருக்குச் சொல்கிறேன் அப்பா என்று. சோறு ஆறுகிறது, சாப்பிட வாங்கோ என்றேன்.

கப்பல் மார்ச் 18, வியாழக்கிழமை, துறைமுகத்திலிருந்து. இரண்டு பேருக்கு இடம் எடுத்திருந்தார். செவ்வாயிலிருந்து மீன்களுக்குத் தீன் நிறுத்த வேண்டும். வியாழன் மத்தியானம் பெரிய தொட்டித் தண்ணீரில், பைக்கு இரண்டாக, ஒட்சிசன் அடைத்துக் கட்ட வேண்டும். அப்பா இறந்துபோனதை அம்மா ப்ரொபெசோரேக்கு அறிவித்துவிட்டார். அந்த யூலையில் மீன்கள் யாரால் செத்தன என்பதை அறிவிக்கவில்லை. அது அம்மாவுக்கும் தெரியாது. ஆறு மீன்களையும் அவர் கையில் ஒப்படைப்பதாகச் சொன்னவர் அப்பா. அந்த வேலை இன்னும் நடக்கவில்லை. மீன்களோடு அந்தக் கதையையும் கொண்டு கப்பல் ஏற வேண்டியது நான்.