அறுபத்தோராவது பிள்ளை

ஹைருன் பீவிக்குக் கோபம் வந்தால் முதலில் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொள்வாள். எதிரில் இருப்பவர் அப்போதே இடத்தைக் காலி செய்துவிடுவது நல்லது. அச்சன்புதூருக்கு அந்தப் பக்கம், எங்கள் ஊர் யூனியன் ஆரம்பப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி அவள்தான். அங்கே பிள்ளை படிக்கிற ஒரு தாய்தான் அந்தப் பதவிக்கு வரலாம். பீடி சுற்றுகிறவளுக்குத் தலைவி பட்டமா என்று சிரித்தார்கள். கூரை ஒழுகுகிறது என்று அவள் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் போய் உட்கார்ந்து, ஆள் வந்து பார்க்கும்வரை எழுந்திருக்காதபோது அந்தச் சிரிப்பு அடங்கியது.

போன ஜூலையில் தலைமையாசிரியர் தங்கசாமி அவளைக் கூப்பிட்டுவிட்டார். பள்ளியில் அறுபது பிள்ளைகள். ஆகஸ்ட் முதல் தேதிக் கணக்கை வைத்துத்தான் மேலே முடிவெடுப்பார்கள். அறுபது வரைக்கும் இரண்டு ஆசிரியர். ஒன்று கூடினால் மூன்று. கூடாவிட்டால் கடைசியாக வந்த ஜெயசித்ரா டீச்சரை உபரி என்று வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள்.

"அஞ்சு கிளாஸ ரெண்டு பேரு எப்படி சார் பாப்பிய?"

"நான் பாதி நாள் ஆபீஸ் வேலையா அலையுதேன். அப்ப ஒருத்தர்தான்."

வாயே திறக்காத அவள் மகன் ஆசிப், ஜெயசித்ரா டீச்சரிடம்தான் எழுத்துக்கூட்டத் தொடங்கியிருந்தான். ரியாத்தில் இருக்கும் கணவர் சேக் மைதீன், பையனைத் தென்காசியில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கச் சொல்லி மல்லுக்கட்டினார். இவள் மறுக்கவே, போனில் பேசுவதையும் நிறுத்திவிட்டார். டீச்சரும் போய்விட்டால் அவருக்கு என்ன பதில் சொல்வது?

சாரலில் நனைந்துகொண்டே வீடு வீடாக ஏறி இறங்கினாள். யாரும் மசியவில்லை. பக்கத்துத் தெரு நஸீபா மட்டும் முகத்துக்கு நேரே கேட்டாள்: "ஒங்க டீச்சர் மவ எங்க படிக்கான்னு மொதல்ல கேட்டுட்டு வா."

ஜூலை கடைசி நாள் சாயங்காலம் குழு கூடியது. ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை என்றார் தங்கசாமி. ஹைருன் பீவி முக்காட்டைச் செருகினாள்.

"டீச்சர், ஒங்க மவ ஸ்வாதி எங்க படிக்கா?"

டீச்சரின் முகம் வெளுத்தது. "தென்காசியில... பிரைவேட்லக்கா."

"இங்கன ஏன் சேக்கல?"

"அவ அப்பா ஒத்துக்கிட மாட்டாரு."

"எங்க வீட்டு ஆளு மட்டும் ஒத்துக்கிட்டாரா? ஒங்கள நம்பித்தான எம்மவன இங்கன வச்சிருக்கேன். ஒங்களுக்கே ஒங்க மேல நம்பிக்க இல்லையா?"

"விடுங்கம்மா," என்றார் தங்கசாமி. டீச்சர் மழையிலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தும் ஹைருன் பீவிக்குச் சோறு இறங்கவில்லை. இருக்க வேண்டியவரைத் தானே விரட்டிவிட்டோமோ என்று பயந்தாள்.

மறுநாள் மணி அடித்தும் டீச்சர் வரவில்லை. வருகைப் பதிவை ஏற்ற வேண்டிய போனைக் கையில் வைத்துக்கொண்டு தங்கசாமி வாசலுக்கும் அறைக்குமாக நடந்தார். ஹைருன் பீவி கேட்டைப் பிடித்தபடி நின்றாள். கடைசியில் ஸ்கூட்டர் வந்தது. பின்னால் டையும் ஷூவுமாக ஒரு சிறுமி, அழுது வீங்கிய முகத்தோடு இறங்கினாள். டீச்சரின் கண்களும் சிவந்திருந்தன.

மகளின் பெயரைப் பதிய வைத்துவிட்டு வந்து டீச்சர் சொன்னார்: "இவ சேந்த மூணாங்கிளாஸ நான்தான் எடுக்கேன். இவ படிக்கலன்னா நீங்க கேக்க வேண்டாம்க்கா. எங்க வீட்டுலயே என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவாங்க."

இத்தனை நாள் ஹைருன் பீவி பட்ட பயம் அத்தனையும் அந்த முகத்தில் இருந்தது.

"எனக்கும் அப்படித்தான் டீச்சர்," என்றாள்.