அக்கா அழுத்திய விளம்பரங்கள்

என் வலைப்பதிவுக்கு விளம்பரம் தருகிற நிறுவனம் ஒரு சனிக்கிழமை காலையில் என்னைக் கள்ளி என்று சொல்லிவிட்டது. அந்தச் சொல்லை அவர்கள் எழுதவில்லைதான். உங்கள் பக்கத்தில் உள்ள விளம்பரங்களை வாசகர்கள் உண்மையான ஆர்வத்தோடு அழுத்தவில்லை, ஆகவே கணக்கை மூடிவிட்டோம் என்று மரியாதையாகவே மின்னஞ்சல் வந்திருந்தது. ஆனால் எனக்குக் கள்ளி என்றுதான் கேட்டது. அடுப்பில் தோசை கருகுகிற மணம் வந்தும் என்னால் எழும்ப முடியவில்லை.

"என்னப்பா, ஆரும் செத்துப் போச்சினமோ?" என்று கேட்டபடி கணவர் ஓடிவந்தார்.

"என்ரை கணக்கை மூடிப்போட்டாங்கள்."

"எந்தக் கணக்கு? வங்கியோ?"

"விளம்பரக் கணக்கு."

"அப்பாடா" என்றவர், போய்த் தோசையைத் திருப்பிப் போட்டார். அந்த அப்பாடாவுக்காக அன்றைக்கு முழுக்க அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

நான் ஒரு கார்டெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், வேலை செய்கிறேன். மொன்றியலின் புறநகரான டொலார்டில் வீடு. மாலையில் கிடைக்கிற நேரத்தில் மொன்றியல் வாழ்க்கையைப் பற்றித் தமிழில் எழுதி வலைப்பதிவில் போடுவேன். வந்த புதிதில் பேருந்து மாறி ஏறியது, பிரெஞ்சில் வாய் குழறியது, சப்பாத்துக்குள் பனி புகுந்தது என்று எல்லாம் சின்னச் சின்ன விசயங்கள். அந்தத் தளத்தை நடத்தும் செலவையாவது அதுவே உழைக்கட்டும் என்று விளம்பரம் போடத் தொடங்கினேன். விளம்பரம் போட்டால் மட்டும் போதாது, எங்கே போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

என் பதிவை நான் எப்போதும் கணினியில்தான் பார்ப்பேன். வலது ஓரத்தில் விளம்பரக் கட்டம் அழகாக நிற்கும். ஒரு நாள் வேலையிடத்தில் மதிய இடைவேளையில் கைபேசியில் திறந்தபோது தூக்கிவாரிப் போட்டது. கட்டத்தைக் காணவில்லை. தேடித் தேடிக் கீழே போனால், பின்னூட்டம், பழைய பதிவுகள் எல்லாம் தாண்டி, கிணற்றுக்குள் விழுந்த வாளி மாதிரி அடியில் கிடந்தது. வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் கைபேசியில் வாசிக்கிறவர்கள். இவ்வளவு காலமும் ஆருடைய கண்ணிலும் படாத இடத்தில் கடை விரித்திருக்கிறேன்!

அதன் பிறகு எனக்கு இதே வேலையாகப் போயிற்று. இரண்டாவது பந்திக்குக் கீழே ஒன்று போட்டேன். நடுவில் ஒன்று. கடைசி வரி முடிந்து பின்னூட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஒன்று. யார் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், பக்கத்தில் எதுவரை இறங்குகிறார்கள் என்று காட்டும் ஒரு கண்காணிப்புக் கருவியையும் இணைத்துக்கொண்டேன். வருமானம் மெல்ல ஏறியது. கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "விளம்பரங்களுக்கு நடுவில கொஞ்சம் எழுத்தும் போடன்" என்றார். அவருக்கு வாய் அப்படி.

அந்த நாட்களில்தான் 'நடு அறை' என்ற பதிவை எழுதினேன். அக்காவைப் பற்றியது.

நான் இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருசம் மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் அக்கா, அத்தானின் அப்பார்ட்மென்டில் இருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போக, அவர்களுடைய பிள்ளைகள் இரண்டையும் நான் பார்த்தேன். பிரெஞ்சு வகுப்புக்குப் போக ஆசை. "பேந்து போகலாம்" என்று அக்கா தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். சின்னவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய கிழமையில், சோறு போட்டுக் கொடுத்தபடியே, "இனி நீயும் ஒரு இடம் பாக்கலாம்" என்றார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அந்தச் சோற்றை எப்படி விழுங்கினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பிறகு அவர்கள் மார்க்கம் என்ற வேறு நகரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அக்காவும் நானும் தொலைபேசியில் கதைப்போம். மிளகாய்த்தூள், முழங்கால் நோ, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் கதைப்போம். அந்த இரண்டு வருசத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல் கதைத்தது கிடையாது. எனக்கு அது நெஞ்சுக்குள் கல்லாகக் கிடந்தது. எழுதிவிட்டேன். எழுதிய பிறகு, அக்காவின் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று பயந்துகொண்டிருந்தேன். எப்படியும் பட்டுவிட வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன்.

சில நாட்களில் கண்காணிப்புப் பக்கத்தில் மார்க்கம் என்ற ஊர்ப்பெயர் தெரிந்தது. காலை வேளையில் ஒரு டாப்லெட்டிலிருந்து யாரோ 'நடு அறை'யைத் திறந்திருந்தார்கள். அக்காவிடம் இருப்பதும் டாப்லெட்தான். திறந்தது மட்டும் இல்லை, ஆறுதலாக நின்று, நின்று, அடி வரைக்கும் இறங்கியிருந்தார்கள். அடுத்த நாள் காலையும் அதே. அதற்கடுத்த நாளும் அதே. அக்கா என்னை வாசிக்கிறார்! ஒன்றும் சொல்லாமல் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்! பிறகு மார்க்கத்திலிருந்தே வேறு ஆட்களும் வரத் தொடங்கினார்கள். எல்லாரும் அந்த ஒரே பதிவுக்கு, எல்லாரும் அடி வரைக்கும். தன்னைக் குறை சொல்லி எழுதியதைத் தானே நாலு பேருக்குக் காட்டுகிறாரா? என்னால் நம்ப முடியவில்லை. அக்காவுக்கு இவ்வளவு பெரிய மனமா என்று கார்டெரியின் கழிவறைக்குள் நின்று அழுதேன்.

மனம் ஒரு பக்கம் அழ, மூளை மறுபக்கம் வியாபாரம் பார்த்தது. ஆட்கள் அந்தப் பதிவுக்குத்தான் வருகிறார்கள் என்றால் விளம்பரமும் அங்கேதானே கூட இருக்கவேண்டும்? இன்னும் இரண்டு கட்டங்களை அதற்குள் செருகினேன். வருமானம் துள்ளி ஏறியது. இடம் பார்த்துப் போட்டதன் கெட்டித்தனம் என்று தோளில் தட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் அந்தச் சனிக்கிழமை மின்னஞ்சல் வந்தது.

மேன்முறையீடு செய்யலாம் என்று போட்டிருந்தார்கள். என்னவென்று செய்வது? நான் ஒருவரையும் அழுத்தச் சொல்லவில்லையே. வெறும் கட்டங்களோடு பக்கம் அசிங்கமாக இருந்தது. விளம்பரம் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுச் சோபாவில் போய் விழுந்தேன். அடுத்த நாள் காலையில் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது.

"எடியே, உன்ரை பக்கத்தில விளம்பரம் எல்லாம் எங்கை போட்டுது? அமத்திறதுக்கு ஒண்டும் இல்லை."

"என்ன அமத்திறது?"

"விளம்பரத்தைத்தான். நான் ஒவ்வொரு நாளும் காலமை தேத்தண்ணியோட இருந்து அமத்திறனான். அமத்தினால் உனக்குக் காசு வருமாமே. எங்கடை கோயில் பெம்பிளையள் குரூப்பிலயும் போட்டுவிட்டனான், என்ரை தங்கச்சி, எல்லாரும் அமத்தி உதவி செய்யுங்கோ எண்டு. பாவங்கள், ஒண்டும் தவறவிடாமல் செய்யுதுகள்."

கணக்கு ஏன் மூடப்பட்டது என்று விளங்கிவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் கணக்கு எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. கேட்கப் பயமாக இருந்தது, என்றாலும் கேட்டேன்.

"அக்கா, நடு அறை எண்டொரு பதிவு... அதை நீங்கள் வாசிச்சனீங்களோ?"

"எது? விளம்பரம் கனக்க இருக்குமே, அதோ? அதைத்தான் எல்லாருக்கும் அனுப்பினனான். அடிமட்டும் தள்ளிக்கொண்டு போங்கோ, கடைசியிலயும் ஒண்டு கிடக்கு எண்டும் சொல்லிவிட்டனான்."

"வாசிக்கேல்லையோ?"

"எனக்கு எங்கையடி நேரம்? புத்தக வெளியீட்டுக்குப் போய் மேடையில ஏறி, காசு வைச்ச என்வலப்பைக் குடுத்து, சிறப்புப் பிரதி வாங்கி, படமும் எடுத்துக்கொண்டு வாறம். ஆர் அதைத் திறந்து வாசிக்கினம்? எங்கடை ஆக்கள் எழுதினால் நாங்கள்தானே கைகுடுக்கவேணும்."

அத்தனை காலைகளும் என் கண் முன்னால் சரிந்தன. ஆறுதலாக நின்று, நின்று, இறங்கினது எழுத்துக்காக இல்லை. நான் பார்த்துப் பார்த்து வைத்த கட்டங்களுக்காக. அக்கா மனம் மாறவில்லை, மாறுவதற்கு அவருக்கு ஒன்றும் தெரியவே தெரியாது. வெட்கமும் வந்தது, கோபமும் வந்தது. இந்த மனுசி என்னில் இவ்வளவு அக்கறையாக இருந்திருக்கிறாரே என்ற எண்ணம் வேறு, அதைத் தாங்கவே முடியவில்லை.

"என்ன எழுதினனி அதில?"

"ஒண்டுமில்லை அக்கா."

"பொறு, டாப்லெட் கையிலதான் கிடக்கு. இப்ப விளம்பரம் ஒண்டும் இல்லாதபடியால் எழுத்து வடிவாத் தெரியுது."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அக்கா பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கிறவர் போலச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார்.

"'கோட்-டெ-நெய்ஜில் அக்கா வீட்டில் நான் படுத்த அறைக்கு ஜன்னல் இல்லை. வெளியே பனி கொட்டுகிறதா என்று பார்க்கவேண்டுமென்றால், சின்னவனைத் தூக்கிக்கொண்டு அக்காவின் அறைக்குப் போவேன்...'"

குரல் நின்றது.

"அந்த அறைக்கு ஜன்னல் இல்லையோடி?" என்று அக்கா கேட்டார்.

உண்மையாகவே கேட்டார். இரண்டு வருசம் ஒவ்வொரு நாளும் அந்த அறைக்குள்ளால் நடந்துதான் அவர் சமையலறைக்குப் போய்வந்தவர்.

"இல்லை அக்கா" என்றேன்.

அவர் தொலைபேசியை வைக்கவில்லை. மிச்சத்தை வாசித்துக்கொண்டிருந்தார், இந்த முறை சத்தமில்லாமல்.