கஜேந்திரன் அண்ணா வீட்டு மூன்றாவது குழாய்

செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகக் கூட்டத்தில் இருந்தபோது செல்போன் அதிர்ந்தது. சாந்தா அண்ணி. "உங்க அண்ணா போயிட்டாருப்பா. மாரடைப்பு" என்றார். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணாவைப் பார்த்து இரண்டு வருடமாகிவிட்டது. நாங்கள் சேர்ந்து நடத்திய இணையதளத்தை மூடிய பிறகு அவர் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியமில்லை, அதுதான் உண்மை.

பெங்களூர் ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்த கஜேந்திரன் அண்ணா ஒரு கம்பெனியின் விற்பனைப் பிரிவில் இருந்தார். நான் அதே கம்பெனிக்கு வேலூரிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரன். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த சமயம், பிளம்பர், எலக்ட்ரீஷியன், பெயின்டர்களின் பெயரும் போன் நம்பரும் கிடைக்கும் இணையதளம் ஒன்றைத் தொடங்கினோம். இருவரும் வேலையை விட்டோம். சர்வருக்கு ஒரு வருட வாடகை மட்டும் கட்டியிருந்தோம். அதற்குள் ஆட்கள் வந்து பார்க்காவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

"தளத்த நீ பாத்துக்கோ, தெருவ நான் பாத்துக்கறேன்" என்றார். விடியற்காலையில் பேப்பர் கட்டுப் பிரிக்கும் இடத்தில் நின்று ஒவ்வொரு பேப்பருக்குள்ளும் எங்கள் நோட்டீசைச் செருகினார். அடுக்குமாடி வாசல்களில் வாட்ச்மேன்கள் விரட்டினார்கள், மறுநாளும் போனார். பிரவுசிங் சென்டர்களில் அரை மணி நேரம் உட்கார்ந்து, எங்கள் தளமே முதலில் திறக்கும்படி கம்ப்யூட்டரில் மாற்றிவைத்துவிட்டு வருவார். ஒரு சென்டர்க்காரர் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். "மத்தே பந்த்ரா சார்? மறுபடியும் வந்துட்டீங்களா? உங்களால கஸ்டமர் என்னைத் திட்டுறான்!" அண்ணா அவரைக் கன்னடத்தில் சமாதானப்படுத்தி, அவரிடமே பத்து நோட்டீஸ் கொடுத்துவிட்டு வந்தார்.

பக்கத்தின் அடியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் ஓடும். மாலையில் அதைப் பார்ப்பது சித்திரவதை. ஏறியதில் பாதி நாங்கள் இருவரும் திறந்து திறந்து பார்த்தது.

ஸ்ரீராம்புரத்தில் தளத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் அவரை வழிமறிக்க ஆரம்பித்தார்கள். பிளம்பர் முனுசாமி, "இன்னா சார், நெட்டு நெட்டுன்னீங்க, மூணு மாசமாச்சு, ஒரு போன் கூட வர்ல" என்றார். அண்ணா அவர் நம்பரை மறுபடி ஒருமுறை கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரமே முனுசாமி சிரித்தபடி வந்தார். "வேலை வந்துச்சு சார்! ஒரு அம்மா நெட்ல பாத்து கூப்ட்டாங்க." செய்தி பரவியது. பெயர் கொடுக்க ஆட்கள் தேடி வந்தார்கள். நானும் நம்பினேன். சர்வரை இன்னொரு வருடம் நீட்டித்தோம். அந்த ஒரு அம்மாவைத் தவிர வேறு யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எனக்கு வேலை கிடைத்தபோது அண்ணா தடுக்கவில்லை. "நீ போப்பா. நான் இன்னும் நாலு தெரு பாத்துட்டு வரேன்" என்றார்.

சாவு வீட்டுக்கு முனுசாமியும் மாலையோடு வந்தார். வாசலோரச் சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அங்கே மூன்று குழாய்கள், ஒன்றையொட்டி ஒன்று.

"இந்த மூணாவது கொழா நான் போட்டது. இது கஜேந்திரன் சார் வூடா? அம்மா, அன்னிக்கு நெட்ல பாத்து கூப்ட்டது நீங்களா?"

அண்ணி தலை குனிந்தார். "அவருதான் பேசச் சொன்னாரு. நீங்க வேலை முடிக்கிற வரைக்கும் மொட்ட மாடில ஒளிஞ்சு உக்காந்திருந்தாரு. 'ஒருத்தருக்காவது நான் சொன்ன வார்த்தை நிக்கணும்'னாரு."

எனக்குக் கோபம்தான் வந்தது, அண்ணா. அந்த ஒரு போனை நம்பித்தானே ஒரு வருடத்தைத் தொலைத்தேன்? என்னிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அன்றைக்கே உங்களை விட்டுப் போயிருப்பேன். அது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

குளிப்பாட்டத் தண்ணீர் கேட்டார்கள். முனுசாமி மாலையை என் கையில் கொடுத்துவிட்டு, வேறு யாரையும் விடாமல், குடத்தை அந்த மூன்றாவது குழாயடியில் வைத்துத் திறந்தார். தண்ணீர் நன்றாக வந்தது.

தெருத்தெருவாக நடந்தது போதும், அண்ணா. போய் வாருங்கள்.